சிவப்பு நூல் கட்டிய தட்டுகள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்தேன். சிவப்பு நூல் கட்டிய நாற்றுத் தட்டுகளை எல்லாம் ஜன்னல் பக்கமும், நீல நூல் கட்டிய தட்டுகளை எல்லாம் கதவுப் பக்கமும் அடுக்கினேன். கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை அறிவியல் வகுப்பில்தான் உறைத்தது. எனக்குப் பக்கத்தில் உட்காருபவர் ஒரு பஸ் டிரைவர். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "போன பரீட்சையில எனக்கு மார்க் எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? மூளையால இல்லம்மா, காத்தால," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் பக்கம் வெயில் அதிகம், மண் சீக்கிரம் காயும். சிவப்பு நூல் செடிகள் வாடினால் அது செடியின் குணமா, ஜன்னலின் குணமா? பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது.

முன்பின் தெரியாத ஒருவர் படித்தாலும் அதே வேலையைச் செய்து பார்க்க முடிகிற மாதிரி நாட்குறிப்பு இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

பகலில் நான் புல்வெளி ஆய்வு நிலையத்தில் உதவியாளர். நிலையத்தின் பின்பக்கம் ஒரு புல்வெளி. அதில் வரிசையாகக் கூரைகள். முழுக் கூரை அல்ல. இரும்புச் சட்டத்தின் மேல் இடைவெளி விட்டுப் பொருத்திய பிளாஸ்டிக் வாய்க்கால்கள். மழையில் பாதி இடைவெளி வழியாகக் கீழே இருக்கும் புல்லுக்குப் போகும். மீதிப் பாதி வாய்க்காலில் ஓடி, குழாய் வழியாகப் பக்கத்துப் பாத்திக்குப் போகும். ஆக, ஒரு பாத்திக்கு அரை மழை, பக்கத்துப் பாத்திக்கு ஒன்றரை மழை. ஒரே மூட்டையிலிருந்து விதை எடுத்து இரண்டிலும் தூவி ஒன்பது வருடம் ஆகிறது. இந்தப் புல் இரண்டு மூன்று வருடம்தான் வாழும். விதை உதிரும், முளைக்கும், தாய் சாகும், மகள் நிற்பாள். அப்படி மூன்று நான்கு தலைமுறை போயிருக்கிறது.

அரை மழையில் வம்சம் வளர்த்த புல்லும் ஒன்றரை மழையில் வம்சம் வளர்த்த புல்லும் இன்னும் ஒரே புல்தானா? இதுதான் கேள்வி.

கேட்டவர் எங்கள் ஆய்வாளர். நிலையத்தில் எல்லோரும் அவரைக் 'கூரை மேடம்' என்பார்கள், அவர் காதுபடவே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரிடம் ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன்.

"தண்ணி கம்மியா இருந்தா புல் தன்னை மாத்திக்குமா மேடம்?"

"எந்தப் புல்லும் உக்காந்து யோசிச்சுத் தன்னை மாத்திக்காது. ஒரு மூட்டையில நூறு குணமுள்ள விதை இருக்கும். தாக்குப் பிடிக்காதது போயிடும், பிடிச்சது பிள்ளை பெறும். அந்தப் பிள்ளைங்கள்ல இன்னும் கெட்டிக்காரி பேத்தி எடுப்பா. சலிக்கிறது மழைதான். நான் சல்லடையை மாத்தினேன், அவ்வளவுதான்."

சிவப்பு நூல், அரை மழைப் பாத்தியின் வாரிசு. நீல நூல், ஒன்றரை மழைப் பாத்தியின் வாரிசு. விதையைப் பாத்தியிலிருந்து நேராகத் தட்டுக்குக் கொண்டுவரவில்லை. தாய் பட்டினி கிடந்தால் பிள்ளை நோஞ்சானாகப் பிறக்கும். அது ரத்தத்தில் வந்த குணம் இல்லை. அதனால் இரண்டையும் ஒரு தலைமுறை ஒரே பாத்தியில், நூல் கட்டிப் பிரித்து, ஒரே அளவு தண்ணீரில் வளர்த்து, அந்தப் பாத்தி கொடுத்த விதையைத்தான் தட்டுகளில் போட்டோம். இப்போது செடிகள் ஒரு சாண் உயரம்.

இனி தண்ணீரை நிறுத்திப் பார்க்க வேண்டும். எது தாங்குகிறது என்பதை வைத்துத்தான் இயக்குநர் முடிவெடுப்பார். வித்தியாசம் தெரிந்தால் கூரைகள் இருக்கும். தெரியாவிட்டால் பிரித்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் டிராக்டர் கொட்டகை. மேடத்தின் ஒன்பது வருடம் இப்போது என் தட்டுகளில் இருக்கிறது. அவற்றைத்தான் நான் அழகு பார்த்து அடுக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 4, புதன்

காலையில் முதல் வேலையாகத் தட்டுகளைக் கலைத்தேன். மேசை முழுதும் இடங்களுக்கு எண் போட்டு, சீட்டு எழுதி, ஒரு வாளியில் குலுக்கி எடுத்து, வந்தபடி வைத்தேன். ஸ்டோர் அண்ணன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். நிலையத்தின் சாக்கு, சட்டி, சாவி எல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு அவர் வைத்த பெயர் 'சந்தேகம்'.

"என்ன சந்தேகம், காலங்காத்தால லாட்டரியா? பரிசு என்ன?"

"ஒரு பக்கமா வச்சா வெயில் ஓரவஞ்சனை பண்ணும்ணே."

"அப்போ உனக்கு வெயில் மேலயும் சந்தேகம். கட்டிக்கப்போறவன் பாவம்."

எனக்கு என் மேலும் சந்தேகம் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சிவப்பு ஜெயிக்க வேண்டும் என்று மனம் முழுக்க ஆசை. ஆசையுள்ள கண்ணுக்கு மஞ்சளும் பச்சையாகத்தான் தெரியும். செடி எப்படி இருக்கிறது என்று தினமும் பார்த்துச் சொல்ல, எதுவும் தெரியாத, எதைப் பற்றியும் கவலைப்படாத ஒருவர் வேண்டும். மேடத்திடம் சொன்னேன். "அப்படி ஒருத்தர்தானே இருக்காரு," என்றார்.

ஸ்டோர் அண்ணனையே போட்டோம். எந்த நூல் எந்தப் பாத்தி என்று அவரிடம் சொல்லக் கூடாது என்பது நிலையம் முழுக்கச் சட்டம். ஒவ்வொரு செடிக்கும் அவர் மூன்றில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: பச்சை, அரை, போச்சு. வார்த்தைகளும் அவருடையவைதான்.

"நான் இப்பவே சொல்லிடறேன், நீலம்தான் ஜெயிக்கும். நீலம் என் ராசி."

கடைசியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் குழாயை மூடினேன். திருகில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினேன். கை பழக்கத்தில் திறந்துவிடும்.

ஜூன் 13, வெள்ளி

சிவப்பு நூல் செடிகளின் இலை நுனி பழுக்கத் தொடங்கியிருக்கிறது. நீலம் அப்படியே இருக்கிறது. நான் தப்பான தட்டைப் பார்க்கிறேனோ என்று நூலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

இன்றும் சிவப்புதான் அதிகமாக வாடியிருக்கிறது. ஸ்டோர் அண்ணன் சீட்டியடித்துக்கொண்டே சொல்கிறார்: "அரை, அரை, போச்சு. ஆங், இது நீலம், பச்சை. இதுவும் பச்சை. பாத்தியா சந்தேகம், என் பிள்ளைங்களை!" மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் 19, வியாழன்

சிவப்பில் ஒரு பச்சை இலைகூட இல்லை. வைக்கோல். நீலத்தில் பாதிக்கு மேல் பச்சை.

இன்றைக்கென்று பார்த்து இயக்குநர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எதையும் எடுத்தெறிந்து பேசமாட்டார், அதுதான் கஷ்டம். தட்டுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இதுல எது மேடம் உங்க வறட்சிப் புல்?"

மேடம் சிவப்பைக் காட்டினார். ஸ்டோர் அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் வாய் திறந்தபடி நின்றது.

"அரை மழையில வளர்ந்த வம்சம் முதல்ல செத்துப்போச்சு. ஒன்றரை மழையில சொகுசா வளர்ந்தது நிக்குது," என்றார் இயக்குநர். "நான் சரியாத்தானே புரிஞ்சுக்கறேன்?"

"ஆமா சார், இப்போதைக்குப் பார்த்தா அப்படித்தான் தெரியுது."

"மேடம், புல்லுக்கு ஒன்பது வருஷமா கூரை போட்டு மழையில பாதியை எடுத்துட்டோம். டிராக்டர் ஒன்பது வருஷமா கூரை இல்லாம முழு மழையும் நனையுது. நீங்களே நியாயம் சொல்லுங்க. வெல்டர் ஒண்ணாந் தேதி வந்து பிரிச்சிடட்டும்."

அவர் போனதும் ஸ்டோர் அண்ணன் மெதுவாக, "நான் வேணும்னா எல்லாத்தையும் மாத்திச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். மேடம் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

"வேண்டாம்ணே. நீங்க பார்த்ததைத்தான் சொன்னீங்க."

ஜூன் 20, வெள்ளி

வகுப்புக்குப் போனேன். காதில் எதுவும் ஏறவில்லை.

அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. அக்காவுக்கு மருந்துக் கடையில் வேலை. மாமா பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறார். அக்காவின் புருஷன் என்பதால் எனக்கு மாமா, மற்றபடி எனக்குச் சமமான சின்னப்பிள்ளை.

"மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? புல்லு செத்ததுக்கா துக்கம்? உலகத்துல புல்லுக்கா பஞ்சம்?" என்றார்.

"விடுங்க அவளை," என்றாள் அக்கா. என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். "எங்கேடி தப்பு நடந்திருக்கும்னு நினைக்கிறே?"

தெரியவில்லை. இடம் மாற்றியது சரி. தண்ணீர் நிறுத்தியது எல்லாவற்றுக்கும் ஒரே நேரம். மண் ஒரே குவியல். பார்த்தவர் பாரபட்சம் இல்லாதவர். சொல்லப்போனால் நீலத்தின் கட்சிக்காரர், ஆனால் சிவப்பு வைக்கோலாக இருந்ததை நானும்தான் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். தவறு எதுவும் இல்லை. தவறு இல்லை என்றால் உண்மை அதுதான். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜூன் 21, சனி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். கை ஓடவில்லை.

சிவப்புத் தட்டுகளைக் காலி செய்து மண்ணைக் குவியலில் கொட்டிவிடும்படி மேடம் சொல்லியிருந்தார். நானும் ஸ்டோர் அண்ணனும் போனோம். செத்த புல்லைப் பிடுங்குவது சீப்பில் சிக்கின முடியை எடுப்பதுபோல, தொட்டால் வந்துவிடும். முதல் தட்டில் முதல் தூரைப் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். இலைகள் பொடிந்து கையோடு வந்தன. தூர் அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"என்ன, சிமென்ட் போட்டு நட்டியா?" என்றார் அண்ணன்.

பிளேடு எடுத்து ஒரு தூரை மண்ணோடு மட்டமாக நறுக்கினேன். உள்ளே வெள்ளையாக, வெங்காயத் தண்டின் அடிமாதிரி கெட்டியாக இருந்தது. விரலால் அழுத்தினேன். விரல் ஈரமானது. கத்த வேண்டும்போல இருந்தது. ஆனாலும் ஒரு தூரை வைத்துக்கொண்டு கும்மாளம் போடக் கூடாது. அதுவும் ஜன்னல் ஓரத்தில் இருந்த தூர்.

பிறகு ஒன்று தோன்றியது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

"அண்ணே, தராசு வேணும்."

"எதுக்கு?"

"எல்லாத் தட்டையும் நிறுக்கணும். இருபதையும்."

இவளுக்கு மரை கழன்றுவிட்டது என்ற பார்வையோடு போய்த் தூக்கிவந்தார். நிறுத்தோம். எல்லாத் தட்டிலும் ஒரே எடை மண் போட்டு, ஒரே அளவு தண்ணீர் ஊற்றித்தான் குழாயை மூடியிருந்தோம். எது கனமாக இருக்கிறதோ அதில் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. நீலம் சருகுபோல லேசாகிவிட்டது. சிவப்பு கனமாக இருந்தது. ஒரு தட்டு இல்லை, இரண்டு இல்லை. சிவப்பு ஒவ்வொன்றும் நீலம் ஒவ்வொன்றையும்விடக் கனம்.

நீலம் இத்தனை நாளும் கையில் இருந்ததைச் செலவழித்துப் பச்சையாக நின்றிருக்கிறது. சிவப்பு, தண்ணீர் வராது என்று தெரிந்ததும் இலையைத் தானே காயவிட்டு, கடையை மூடிப் பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கிறது. செத்ததால் காயவில்லை. சாகாமல் இருப்பதற்காகக் காய்ந்திருக்கிறது.

ஸ்டோர் அண்ணன் தலையில் கை வைத்தார். "அடிப்பாவி! நான் உயிரோட இருக்கறதைப் பார்த்து 'போச்சு, போச்சு'ன்னேனா?"

"நீங்க மட்டுமில்லண்ணே. நானும்தான்."

சனிக்கிழமை மேடம் வரமாட்டார். அவர் வீட்டுக்கு ஓடினேன், எடை எழுதிய தாளோடு. அவர் வாசலில் சட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன். கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டே அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கூரைக்குக் கீழே இருக்கற புல் வருஷா வருஷம் மத்ததைவிட முந்திக் காயும்," என்றார். "நாலு வருஷமா பார்த்துட்டு வரேன். ஒவ்வொரு தடவையும் மனசு உடைஞ்சுபோகும். ஒரு தடவைகூட குனிஞ்சு இழுத்துப் பார்க்கல."

பிறகு திடீரென்று எழுந்தார். "தண்ணி ஊத்திடலையே?"

"இல்ல மேடம்."

"ஊத்தாதே. இப்போ ஊத்தினா ரெண்டும்தான் பிழைக்கும். இன்னும் காயட்டும். நல்லாக் காயட்டும்."

ஜூன் 23, திங்கள்

இயக்குநரிடம் மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எடைகளைச் சொன்னோம். அவர் கவனமாகக் கேட்டார்.

"தண்ணி மிச்சம் இருக்குங்கறது சரி. செடி பிழைக்கும்னு அர்த்தம் இல்லையே?"

"இல்ல சார்," என்றேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் அது உண்மை. "பிழைக்காமலும் போகலாம். தண்ணி ஊத்திப் பார்த்தாத்தான் தெரியும். அதுக்கு முன்னாடி நீலமும் காயணும். இல்லைன்னா ரெண்டுக்கும் ஒரே பரீட்சை வச்ச மாதிரி ஆகாது."

"எத்தனை நாள்?"

"ஜூலை பதினாலு வரைக்கும் கொடுங்க சார்."

"வெல்டர்கிட்டே சொல்லியாச்சே."

வாசலில் காவல் நின்ற ஸ்டோர் அண்ணன் தலையை நீட்டினார். "சார், வெல்டர் என் மச்சான்தான். அவனுக்கு எப்பவும் ஏதாவது ஒரு காய்ச்சல் வரும்."

இயக்குநர் சிரித்துவிட்டார். "பதினாலு. அன்னிக்கு நானே வந்து எண்ணுவேன். ஒரு பச்சையும் இல்லைன்னா பதினஞ்சாந் தேதி கூரை கிடையாது."

வெளியே வந்ததும் மேடம் என் காதைத் திருகினார். "'பிழைக்காமலும் போகலாம்'னு அவர்கிட்டே சொல்லணுமா? அரிச்சந்திரன் தங்கச்சி!"

ஜூலை 4, வெள்ளி

நீலமும் காய்ந்துவிட்டது. எல்லாமே இப்போது வைக்கோல். நூலை அவிழ்த்துவிட்டால் எது எதுவென்று எனக்கே தெரியாது. ஸ்டோர் அண்ணன் கடைசித் தடவையாக வரிசையில் நடந்து இருபது தட்டுக்கும் ஒரே வார்த்தை சொன்னார்: "தெரியல." அவராகவே சேர்த்துக்கொண்ட நான்காவது வார்த்தை.

ஜூலை 7, திங்கள்

திருகில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன். எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவாகத் தண்ணீர் ஊற்றினேன். மண் 'ஸ்ஸ்' என்று உறிஞ்சியது. இந்த வேலை பிடித்திருப்பதற்கு அந்தச் சத்தம் ஒன்றே போதும்.

ஜூலை 9, புதன்

எதுவும் இல்லை. வீட்டில் மாமாவுக்கு விஷயம் முழுக்க விளக்கினேன்.

"அப்போ உன் புல் என்னை மாதிரின்னு சொல்லு. வேலை இல்லைன்னா சக்தியைச் சேர்த்து வச்சுக்கிட்டுப் படுத்துக்கும்."

"வேலை இருக்கறப்போ மட்டும்?" என்றாள் அக்கா.

ஜூலை 10, வியாழன்

எதுவும் இல்லை. நிறுத்தது தப்போ? தராசு சரியில்லையோ? ஒரு கிலோ கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு சரி.

ஜூலை 11, வெள்ளி

காலையில் நான் போவதற்கு முன்பே ஸ்டோர் அண்ணன் தட்டுகள் இருக்கும் அறையில் முழங்காலிட்டுக் கிடந்தார். மேசை உயரத்துக்கு முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கி குறிபார்ப்பவர்போல.

"சந்தேகம், இங்கே வா. பேசாதே. மூச்சு விடாதே. இது என்ன?"

வைக்கோலுக்கு நடுவில் ஊசி முனையளவு பச்சை. நூல் சிவப்பு.

"பாசியா இருக்கலாம்ணே," என்றேன்.

"உன்னைத் திருத்தவே முடியாது!" என்று கத்தினார். "பாசியாம்! கண்ணைத் திறந்து பாரு, இலை! இலைடீ!"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இலைதான். சுருட்டிய பாய்போலச் சுருண்டு, நுனி கூர்மையாக, தூரின் நடுவிலிருந்து வருகிறது. அடுத்த தட்டில் இரண்டு. அதற்கடுத்ததில் நிறைய. மதியத்துக்குள் கண்ணாடி தேவைப்படவில்லை. மேடம் வந்தார், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய்க் கூரைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே திரும்பி வந்தார்.

நீலத் தட்டுகளில் ஒன்றும் இல்லை. நாளை வரலாம். இன்னும் முடிவு சொல்லக் கூடாது.

ஜூலை 14, திங்கள்

இயக்குநர் சொன்னபடி காலையிலேயே வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே எண்ணினார். ஒவ்வொரு தட்டிலும் பத்துத் தூர். நூறு சிவப்புத் தூரில் தொண்ணூற்றொன்று பச்சை. நூறு நீலத் தூரில் எட்டு.

சரியாக எண்ணினோமா என்று எனக்கு வழக்கமான பயம். "சார், இன்னொரு தடவை எண்ணலாமா?" என்று கேட்டேன். சளைக்காமல் கடைசித் தட்டிலிருந்து முதல் தட்டுக்குத் திரும்பி எண்ணினார். அதே தொண்ணூற்றொன்று, அதே எட்டு.

காய்ந்த நீலத்தில் ஒரு தூரைப் பிடித்து இழுத்தார். சீப்பில் சிக்கின முடிபோலக் கையோடு வந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மழை பாதியாக் குறைஞ்சா ஒரு புல் இப்படி மாற எத்தனை காலம் ஆகும்னு என்னைக் கேட்டிருந்தா, ஆயிரம் வருஷம்னு சொல்லியிருப்பேன்," என்றார்.

"ஒன்பது," என்றார் மேடம்.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து நின்றோம்.

"மூட்டையிலயே இந்தக் குணம் இருந்திருக்கு சார்," என்று நான் ஆரம்பித்தேன். பேசத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. "நூத்துல ரெண்டு மூணு விதையில இருந்திருக்கும். நல்ல மழை வருஷத்துல அந்தச் செடிங்க சோம்பேறி. முந்திக் காயும், விதை கம்மியாப் போடும், பக்கத்துல இருக்கறது அமுக்கிடும். மழை குறைஞ்சதும் பக்கத்துல இருந்தது எல்லாம் செத்துப்போய், இந்தச் சோம்பேறிதான் மிச்சம். இடம் முழுக்க அதோட பிள்ளைங்க."

"அப்போ நல்ல மழை வந்தா இது தோத்துடுமா?"

மேடம் என்னைப் பார்த்தார், 'சொல்லு அரிச்சந்திரி' என்பதுபோல.

"தோக்கும்னுதான் நினைக்கிறேன் சார். இன்னும் சோதிச்சுப் பார்க்கல. அதனால நீலமும் வேணும். ரெண்டும் வேணும்."

இயக்குநர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் சரிவு இரண்டு வருடமாக மொட்டையாகக் கிடக்கிறது. மழை பொய்த்து அங்கிருந்த புல் வேரோடு போய்விட்டது. மண் சரிந்து தண்ணீரில் விழுகிறது. வெளியிலிருந்து வாங்கித் தூவிய விதை இரண்டு தடவை முளைத்து, இரண்டு தடவையும் கருகிவிட்டது. "அங்கே இதைத் தூவலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டதுதான்; நாங்கள் வாய் திறக்கவில்லை.

"தூவலாம் சார்," என்றார் மேடம். "ஆனா அவ்வளவு விதைக்குக் கூரை பத்தாது. இன்னும் ரெண்டு மடங்கு கூரை வேணும்."

கூரையைப் பிரிக்க வந்தவரிடம் கூரை கேட்கிறார்.

"டிராக்டர் இன்னும் கொஞ்ச நாள் நனையட்டும்," என்றார் இயக்குநர். "அந்த வெல்டருக்குக் காய்ச்சல் விட்டிருச்சா?"

"பறந்துபோச்சு சார்!" என்றார் ஸ்டோர் அண்ணன். அப்போதே மச்சானுக்குப் போன் போட்டார். "டேய், பிரிக்க இல்லடா, மாட்ட! ஆமா, புல்லுக்குத்தான். நீ சிரி, சிரி. வந்து பாரு, அப்புறம் சிரி." பிறகு நீலத் தட்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இத்தனை நாள் உங்களுக்குக் கை தட்டினேனே. பிழைச்ச எட்டு பேரையாவது நான் பார்த்துக்கறேன்."

வகுப்பில் இன்று என் முறை வந்தபோது எழுந்து நின்று முழுதும் சொன்னேன். பச்சையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டதையும் சொன்னேன். டிரைவர்தான் முதலில் கை தட்டினார். மின்விசிறிக்குக் கீழே இருந்த தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதை எனக்குக் காட்டினார். "உக்காருங்கம்மா. இன்னிக்கு காத்து உங்களுக்கு."

வீடு திரும்பும்போது சைக்கிள் கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். "என்னம்மா, தனியாச் சிரிச்சுக்கிட்டு வரே?" என்றார். தொண்ணூற்றொன்று என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதனால் என்ன, அவரும் சிரித்தார்.

கூரைக்குக் கீழே கதிர் முற்றியிருக்கிறது. நாளை பனி உலர்ந்த பிறகு, காற்று எழுவதற்கு முன், அரை மழைப் பாத்திகளில் கதிர் அறுக்க வேண்டும். துணிப்பையில்தான் போட வேண்டும்; பிளாஸ்டிக் பை கூடாது, விதை புழுங்கிவிடும். அது முடிந்ததும் அரிவாளைக் கழுவித் துடைத்துவிட்டு ஒன்றரை மழைப் பாத்திகள். இரண்டையும் கலக்காமல் தனித்தனி அலமாரியில் வைக்க வேண்டும்.